கூண்டில் ஏறப் போவது நீங்கள்தான்

வாசகி ஒருவரின் கடிதம் (சுருக்கமாக):

"2024 ஆகஸ்டில் வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் என் கணவரை அரிவாளால் வெட்டினார். உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் வலது கையில் இரண்டு விரல் மடங்காது. நானும் என் மாமியாரும் நேரில் பார்த்தோம். கொலை முயற்சி வழக்கு. இப்போது எனக்கும் மாமியாருக்கும் (வயது 62) சம்மன் வந்திருக்கிறது. போன வாரம் நீதிமன்றக் காவலர் என் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். அதில் எதிரியின் அண்ணனும் கூட நின்று 'வெட்டுடா அவனை' என்று கத்தியதாக இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. வெட்டு விழுந்த பிறகுதான் அண்ணன் ஓடி வந்தார். 'போலீஸ் எழுதினதை அப்படியே சொல்லும்மா, மாத்தினா பொய் சாட்சி கேஸ் வரும்' என்கிறார் காவலர். மாஜிஸ்திரேட்டிடம் முன்பு வாக்குமூலம் கொடுத்தபோது அண்ணன் பேச்சே வரவில்லை. எதிரி ஜாமீனில் வந்து அதே தெருவில் இருக்கிறார். அவருடைய மாமா வந்து, 'மூணு லட்சம் வாங்கிக்கிட்டு சமாதானமாப் போயிடுங்க, புள்ளைங்க இந்தத் தெரு வழியாத்தானே பள்ளிக்கூடம் போகணும்' என்கிறார். வாட்ஸ்அப்பிலும் அதே தோரணையில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அரசு வக்கீல் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. புதுச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறார்களாமே, எங்களுக்கு அது பொருந்துமா? நான் என்ன சொல்ல வேண்டும்?"

பதில்:

சகோதரிக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது. பார்த்ததைச் சொல்லுங்கள். அண்ணன் வெட்டுக்குப் பிறகுதான் வந்தார் என்றால் அதையே சொல்லுங்கள். போலீஸ் எழுதியது போலீஸின் எழுத்து. சத்தியம் செய்துவிட்டுப் பேசப் போவது நீங்கள்.

காவலர் பயமுறுத்தியது சட்டப்படி தலைகீழ். விசாரணை அதிகாரி உங்களை விசாரித்து எழுதிக்கொண்டதை வக்கீல்களான நாங்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, இன்னும் பழக்கத்தில் '161 வாக்குமூலம்' என்றே சொல்கிறோம். அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 180-ஆம் பிரிவு. அதற்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது, உங்களிடம் கையெழுத்தும் வாங்கக் கூடாது. அந்தத் தாள் தன்னளவில் சாட்சியமே இல்லை. நீங்கள் நீதிமன்றத்தில் சொல்வதற்கும் அதில் இருப்பதற்கும் முரண்பாடு இருந்தால் அதைச் சுட்டிக்காட்டப் பயன்படும், பெரும்பாலும் அவ்வளவுதான். ஆகவே அதிலிருந்து விலகி உண்மையைச் சொன்னதற்காகப் பொய் சாட்சி வழக்கு வராது. சத்தியம் செய்துவிட்டு, கேட்காத ஒரு கூச்சலைக் கேட்டதாகச் சொன்னால்தான் அது பொய் சாட்சி.

மாஜிஸ்திரேட் முன்னால் கொடுத்த வாக்குமூலம் வேறு ரகம். பழைய 164, இப்போது 183. அது சத்தியத்தின் மேல் கொடுப்பது, கையெழுத்தோடு இருப்பது. பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களில் போலீஸ் அழைத்து வரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று புதுச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். உங்கள் விஷயத்தில் அது காப்பாகவே வந்து நிற்கிறது பாருங்கள். அங்கே அண்ணன் இல்லை, கூண்டிலும் அண்ணன் இல்லை, போலீஸ் தாளில் மட்டும் அண்ணன் இருக்கிறார் என்றால் எது ஒட்டவைத்தது என்று நீதிபதிக்குப் புரியாதா?

இந்த 'ஒட்டவைப்பு' புதிதல்ல. வெட்டியவர் ஒருவர் என்றால் வீட்டில் இருக்கும் ஆண்கள் எல்லோரையும் எழுதி, ஆளுக்கு ஒரு வசனமும் கொடுத்துவிடுவது பல ஸ்டேஷன்களில் பழக்கம். 'வெட்டுடா அவனை' என்ற வசனத்தை மட்டும் என் கைக்கு வந்த வழக்குக் கட்டுகளில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. எழுதுகிறவருக்குக் கேஸ் கனமாகத் தெரியும். விசாரணையில் அந்த ஒரு வரியைப் பிடித்து இழுத்துத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் மொத்தக் கேஸையும் பிரிக்கப் பார்ப்பார்.

அண்ணனைப் பற்றி உண்மையைச் சொன்னால் கேஸ் விழுந்துவிடுமோ என்ற பயம் உங்களுக்கு வரும். அரசு வக்கீல் அந்த அளவுக்கு உங்களைப் பிறழ் சாட்சியாக (அழைத்த தரப்புக்கே மாறாகப் பேசும் சாட்சியாக) கருத நீதிபதியிடம் அனுமதி கேட்டு, அவரே உங்களைக் குறுக்கு விசாரணை செய்யவும் கூடும். அந்த வார்த்தையைக் கேட்டு ஆடிப்போக வேண்டாம். பிறழ் சாட்சி என்று சொல்லிவிட்டால் அவர் சொன்னது எல்லாமே அழிந்துவிடும் என்பது வெளியில் இருக்கும் நம்பிக்கை. உச்ச நீதிமன்றம் 1976-லும் 1991-லும் தந்த தீர்ப்புகளிலேயே அப்படி இல்லை என்று தெளிவாக்கிவிட்டது: நம்பத்தகுந்த பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் பொய் என்றால் எல்லாம் பொய் என்ற விதியும் நம் நாட்டில் கிடையாது. உமியைத் தூற்றி நெல்லை எடுக்க வேண்டியது நீதிமன்றத்தின் வேலை. தவிர, வெட்டுப்பட்ட உங்கள் கணவரே ஒரு சாட்சி. காயம்பட்டவர் சம்பவ இடத்தில் இருந்தார் என்பதற்கு அவர் உடம்பே அத்தாட்சி. அவர் சாட்சியத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் அப்துல் சயீத் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது.

'மனைவிதானே, புருஷனுக்குச் சாதகமாகத்தான் பேசுவாள்' என்பார்கள். 1953-லேயே, தலீப் சிங் வழக்கில், நெருங்கிய உறவினர் உண்மையில் வெட்டியவனை விட்டுவிட்டு வேறொருவனை மாட்டிவிடச் சாதாரணமாக முன்வர மாட்டார் என்று நீதிபதி விவியன் போஸ் எழுதிவிட்டார். இன்றைக்கும் அரசு வக்கீல்கள் அதைத்தான் எடுத்து வைக்கிறார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு எச்சரிக்கையும் உண்டு. கோபமும் பகையும் இருக்கும் இடத்தில், குற்றவாளியோடு சேர்த்து நிரபராதி ஒருவரையும் இழுத்துவிடும் போக்கு வரக்கூடும் என்பது அது. உங்கள் வழக்கின் அண்ணன் விவகாரம் சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விசாரணைக்கு முதல் நாள் 'ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க, ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கலாம்' என்று கூப்பிட்டால் போகாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு கொலை வழக்கில், சாட்சிகளை முந்தின நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தது குறுக்கு விசாரணையில் வெளிவந்தது. அதை அதிகார துஷ்பிரயோகம் என்று கண்டித்து, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அரசு வக்கீல் உங்களைச் சந்தித்து, வழக்கு என்ன, எந்த ஆவணத்தைக் காட்டுவார், எந்த அரிவாளை அடையாளம் காட்ட வேண்டும் என்று விளக்குவதில் தவறே இல்லை. பதிலை வாயில் ஊட்டுவதுதான் தவறு.

சரி, கூண்டில் என்ன நடக்கும்?

முதல் விசாரணையை அரசு வக்கீல் செய்வார். 'என்ன நடந்தது?' என்று கேட்பார், நீங்கள் சொல்வீர்கள். பதிலை உள்ளே வைத்த கேள்விகளை அவர் கேட்கக் கூடாது, எதிர்த்தரப்பு கேட்கலாம். அதனால் குறுக்கு விசாரணையின் ஓசையே வேறாக இருக்கும். 'சம்பவம் நடந்தபோது நீங்கள் வீட்டுக்குள் சமைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்கிறேன்?' 'சரியல்ல.' 'எதிரி அங்கே வரவே இல்லை, முன்பகையால் பொய்யாகச் சொல்கிறீர்கள் என்று சொல்கிறேன்?' 'சரியல்ல.' இந்தச் 'சரியல்ல' எல்லாம் 'என்று சொன்னால் சரியல்ல' என்று சாட்சியத்தில் வரிசையாக ஏறும். முதல்முறை கேட்கிறவருக்கு முகத்துக்கு நேரே பொய்க்காரி என்று திட்டுவது போல இருக்கும். அப்படி இல்லை. தன் கட்சிக்காரரின் நிலைப்பாட்டை உங்கள் முன் வைத்தாக வேண்டியது அவர் கடமை. வைக்காமல் விட்டால் அது அவர் கட்சிக்காரருக்கு எதிராகப் போகும். கோபப்படாதீர்கள், கோபம் வந்தால் வாய் நீளும்.

பல வருடங்களுக்கு முன் நான் எதிரி தரப்பில் ஆஜரான ஒரு வழக்கு. ஒரு பாட்டி சாட்சி. 'சம்பவ இடத்துக்கும் உங்கள் திண்ணைக்கும் எத்தனை அடி?' என்று கேட்டேன். தூரத்தில் தடுக்கி விழ வைப்பதுதான் திட்டம். 'அடியெல்லாம் எனக்குத் தெரியாது சாமி. அந்தா, அந்த டைப் அடிக்கிற அம்மா இருக்காங்கல்ல, அங்கருந்து இந்தக் கூண்டு தூரம்' என்றார். அதற்கு மேல் அந்தப் பக்கம் போக எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது. தெரிந்ததைத் தெரிந்த விதத்தில் சொல்கிற சாட்சியை ஒன்றும் செய்ய முடியாது. அடியும் மீட்டரும் மணியும் நிமிடமும் கேட்டால், அளந்திருந்தால் ஒழிய எண் சொல்லாதீர்கள். 'விளக்கு வைக்கிற நேரம்' என்று சொன்னால் போதும். 'ஞாபகம் இல்லை' என்பதும் முழுமையான பதில்தான். கேள்வி புரியாவிட்டால் நீதிபதியைப் பார்த்து 'புரியலைங்க ஐயா' என்று சொல்லலாம், அவர் எளிமையாக்கிக் கேட்பார். அவமானப்படுத்தும் நோக்கத்தோடு கேட்கும் கேள்வியைத் தடுக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

போலீஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'அண்ணன் கத்தியதாக விசாரணையில் சொன்னீர்களா?' என்று கேட்டால் 'நான் சொல்லவில்லை, எழுதியிருந்தால் எனக்குத் தெரியாது' என்பதே பதில். அப்புறம் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது அவரிடம் கேட்டுக்கொள்வார்கள். அது அவர் சுமை.

முடிந்ததும் உங்கள் சாட்சியத்தை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். நடைமுறையில் மதியச் சாப்பாட்டு நேர அவசரத்தில் 'கையெழுத்துப் போடும்மா' என்று நீட்டுவார்கள். படிக்கச் சொல்லிக் கேளுங்கள். 'வலது கை' என்று சொன்னது 'இடது கை' என்று விழுந்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள். நீதிபதி உடனே திருத்தாவிட்டாலும் உங்கள் ஆட்சேபத்தைக் குறித்து வைப்பார். பிறகு மேல்முறையீட்டில் இதைச் சரிசெய்யப் போராடுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களைக் கேளுங்கள்!

ஒரே நாளில் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் முடிந்துவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது. முதல் விசாரணைக்குப் பிறகு வாய்தா வாங்கி, நடுவில் சாட்சியைச் 'சரிக்கட்டுவது' ஊரறிந்த தந்திரம். 2015-ல் பஞ்சாபிலிருந்து போன வினோத் குமார் வழக்கில் இரண்டுக்கும் நடுவே சுமார் 20 மாத இடைவெளி இருந்ததைப் பார்த்து உச்ச நீதிமன்றம் நொந்துகொண்டது. அன்றைக்கே அல்லது மறுநாளே முடிக்கப் பார்க்க வேண்டும் என்றது. சாட்சி வந்து நிற்கும்போது, எழுத்தில் பதிய வேண்டிய தனிக் காரணம் இல்லாமல் தள்ளிவைக்கக் கூடாது என்று சட்டத்திலும் இருக்கிறது. எதிர்த்தரப்பு வாய்தா கேட்டால், 'ஐயா, இன்னைக்கே முடிச்சிடுங்க, திரும்பத் திரும்ப வர எங்களுக்குப் பயமா இருக்கு' என்று நீங்களே சொல்லலாம். யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வந்து போன செலவுக்குச் சாட்சிப்படி உண்டு, பெஞ்ச் கிளார்க்கிடம் கேளுங்கள். தொகை பெரிதாக இருக்காது, இருந்தாலும் கேளுங்கள்.

இப்போது அந்த மாமா.

கொலை முயற்சிக் குற்றம் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 307, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 109) நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. 'கேஸை வாபஸ் வாங்கிக்கிறோம்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் அமர்வு நீதிபதி அதை ஏற்க முடியாது. அது உங்கள் கேஸ் இல்லை, அரசின் கேஸ். உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து கேட்கலாம், ஆனால் கொலை முயற்சி சாதாரணமாகச் சமூகத்துக்கு எதிரான குற்றம் என்றும், எந்த ஆயுதம், எங்கே காயம் என்றெல்லாம் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றும் 2014-ல் நரீந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது. எனவே அவர் 'சமாதானம்' என்று சொல்வதற்கு நடைமுறை அர்த்தம் ஒன்றுதான்: நீங்கள் கூண்டில் ஏறி 'எனக்கு ஒன்றும் தெரியாது, இருட்டாக இருந்தது' என்று சொல்ல வேண்டும். மூன்று லட்சம் அதற்குத்தான். மாஜிஸ்திரேட் முன் சத்தியத்தோடு ஒன்றைச் சொல்லிவிட்டு இங்கே மாற்றினால், இல்லாமல் இருந்த பொய் சாட்சி வழக்கு அப்போது உங்கள் மேல் வரும். பணம் கொடுத்தவர் வந்து நிற்க மாட்டார்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதையைப் பற்றிப் பேசியது மிரட்டல். பொய் சாட்சி சொல்லும்படி ஒருவரை மிரட்டுவது தனிக் குற்றம், ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. வாய்ஸ் மெசேஜை அழித்துவிடாதீர்கள், அந்தப் போனை விற்கவும் மாற்றவும் வேண்டாம். இன்னொருவருக்கு அனுப்பி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும், அப்போது மூலப் போன் கையில் இருப்பது நல்லது. எந்த நாள், எத்தனை மணி, யார் கூட இருந்தார்கள் என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இதை வைத்து இரண்டு மனு போடலாம். ஒன்று, ஜாமீனை ரத்து செய்யக் கோருவது. சாட்சிகளைக் கலைக்கக் கூடாது என்பது வழக்கமாக ஜாமீன் நிபந்தனையிலேயே இருக்கும். லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவருக்கு போலீஸ் விசாரணைக் கட்டத்திலிருந்து மேல்முறையீடு வரை எல்லா நிலையிலும் தன் பேச்சைக் கேட்கச் செய்யும் உரிமை உண்டு என்று சொல்லி, அலகாபாத் உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை ரத்து செய்தது. இந்த மனு உங்கள் கணவர் பெயரில் போவது நல்லது. சட்டத்தின் கண்ணில் 'பாதிக்கப்பட்டவர்' அவர், நீங்கள் சாட்சி.

இரண்டாவது, சாட்சிப் பாதுகாப்பு. இது உங்கள் பெயரிலேயே. சாமியார் ஆசாராம் மேலான பாலியல் வழக்கின் சாட்சிகள் தாக்கப்பட்டதை அடுத்து தொடரப்பட்ட மகேந்தர் சாவ்லா வழக்கில், 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, சட்டம் வரும் வரை அதுவே சட்டம் என்றது. பிறகு புதிய சன்ஹிதாவின் 398-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது. 2018 திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு. மாவட்டக் காவல்துறைத் தலைவர் உறுப்பினர், மாவட்ட அரசு வழக்குத் துறைத் தலைவர் உறுப்பினர்-செயலர். மனுவை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். டிஎஸ்பி நிலை அதிகாரி ஐந்து வேலை நாளில் அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். உயிருக்கு ஆபத்து, உடைமைக்கோ பெயருக்கோ ஆபத்து, மிதமான தொந்தரவு என்று மூன்று வகையாகப் பிரிப்பார்கள். வீட்டுப் பக்கம் ரோந்து, நீதிமன்றத்துக்குப் போய் வரத் துணை, எதிரியை நேருக்கு நேர் பார்க்காமல் இருக்க ஏற்பாடு, காணொலி வழியாகச் சாட்சி, வீட்டில் கேமரா என்று கிடைக்கக்கூடியவை பல. உத்தரவு ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் போகாது, புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் என்ன கிடைக்கும் என்றால், பெரும்பாலும் ரோந்து வரும் காவலர் வீட்டு நோட்டில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இதற்கா இவ்வளவு என்று தோன்றலாம். ஆனால் தெருவில் போலீஸ் பைக் நிற்பதை அந்த மாமா பார்ப்பார். தவிர மனு எண் ஒன்று விழுந்துவிடுகிறது. நாளைக்கு ஏதாவது நடந்தால், முன்பே சொன்னோம் என்பதற்கு அது ஆதாரம். வாயால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வந்தால் எதுவும் மிஞ்சாது.

'அரசு வக்கீல் யார் என்றே தெரியாது' என்று எழுதியிருந்தீர்கள். நம் குற்றவியல் நடைமுறையின் ஆதிக் கோளாறு அதுதான். குற்றம் அரசுக்கு எதிரானது, வழக்கை நடத்துவது அரசு, வெட்டுப்பட்டவர் வெறும் சாட்சி. இதை மாற்ற வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு வக்கீல் வைக்கவும் ஜாமீனில் பேசவும் உரிமை வேண்டும் என்று நீதிபதி மளிமத் குழு 2003-ல் பரிந்துரைத்தது. 2009 கடைசியில் அமலுக்கு வந்த திருத்தத்தில்தான் 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்கே பழைய சட்டத்தில் ஒரு வரையறை வந்தது. அப்படியென்றால் அதற்கு முன்? இருந்தார்கள், சட்டத்தில் பெயர்தான் இல்லை.

உங்கள் சம்பவம் 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது, எனவே புதுச் சட்டங்களே பொருந்தும். முதல் தகவல் அறிக்கை நகல் உங்களுக்கு இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் தெரிவித்திருக்க வேண்டும் (தெரிவிக்கவில்லை என்று நினைக்கிறேன், தெரிவித்திருந்தால் இப்படித் திண்டாடியிருக்க மாட்டீர்கள்). குற்றப்பத்திரிகையும் ஆவணங்களும் எதிரி ஆஜரான 14 நாளுக்குள் அவருக்கு மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது 230-ஆம் பிரிவு. கொடுத்த கையோடு அடைப்புக்குறிக்குள் ஒரு வால் வைத்திருக்கிறார்கள்: பாதிக்கப்பட்டவர் வக்கீல் வைத்திருந்தால்! வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்குத்தானே அந்தத் தாள் அதிகம் தேவை? எனக்கு இந்த வால் பிடிக்கவே இல்லை. ஆனால் இருக்கிறது, அதைத் தாண்ட வழியும் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987 சட்டம். உங்கள் கணவருக்கும் வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கும். விரல்கள் மடங்காதது மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குத் தகுதியானால் அந்த வழியிலும் கிடைக்கும்.

அந்த வக்கீல் அரசு வக்கீலுக்கு உதவியாக நிற்கலாம், எழுத்துப்பூர்வமாக வாதம் தரலாம். தனியாகச் சாட்சிகளை விசாரிக்கவோ எழுந்து நின்று வாதாடவோ முடியாது என்று 2019-ல் ரேகா முராரகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்துவிட்டது. அரசு வக்கீல் கேட்காமல் விட்ட முக்கியமான கேள்வி ஏதாவது இருந்தால் அவரிடம் எழுதிக் கொடுக்கலாம். அவர் கேட்காவிட்டால் நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். என்னைக் கேட்டால் அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் எதிரியின் இடத்திலிருந்து பார்த்தால் ஒருவருக்கு எதிராக இரண்டு வக்கீல் நின்று குறுக்கு விசாரணை செய்வதும் நியாயமாகத் தெரியாது. நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன்.

விடுதலை ஆகிவிட்டால், அல்லது சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டித்தால், அல்லது இழப்பீடு குறைவாக இருந்தால் உங்கள் கணவர் மேல்முறையீடு செய்யலாம். தண்டனைக் காலம் குறைவு என்று மட்டும் அவர் மேல்முறையீடு செய்ய முடியாது, அதை அரசுதான் செய்ய வேண்டும். கைக்கான இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே ஆணைக்குழுவில் இடைக்கால நிவாரணம் கேட்டு, மருத்துவச் சான்றிதழும் சிகிச்சை பில்லும் சேர்த்து இப்போதே மனு கொடுங்கள்.

உங்கள் மாமியார் விஷயம். 60 வயதைத் தாண்டியவர்களை வீட்டிலேயே விசாரிக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது போலீஸ் விசாரணைக்கு உள்ள விதி. அந்த வயது வரம்பு ஆண்களுக்குத்தான், முன்பு 65 வயதாக இருந்ததைப் புதுச் சட்டம் குறைத்தது; பெண்களுக்கு எந்த வயதிலும் அந்த விதி உண்டு. நீதிமன்ற சம்மனுக்குப் பொருந்தாது, போகாமல் இருந்தால் வாரண்ட் வரும். நடக்க முடியாத நிலை என்றால் மருத்துவச் சான்றிதழோடு காணொலி வழியாகச் சாட்சி சொல்ல அனுமதி கேட்கலாம். நடக்க முடியும் என்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் ஒன்று, நீங்கள் இருவரும் உட்கார்ந்து 'நான் இப்படிச் சொல்றேன், நீங்களும் இப்படியே சொல்லுங்க அத்தை' என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் நின்ற இடம் வேறு, நீங்கள் நின்ற இடம் வேறு. இரண்டு பேர் சொல்வதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் நீதிபதிக்குச் சந்தேகம் வரும். நீங்கள் சாட்சி சொல்லும் நேரம் அவரை வெளியே உட்கார வைப்பார்கள். கூடவே துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள், வெராந்தாவில் எதிரியின் ஆட்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.